டர்ட் பைக் கியர் பொக்ஸுக்கு எந்த ஒயில்? மலையகத்து ஏற்றங்களில் ஓர் ஒப்பீடு

ஏப்ரல் சீசனுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, என் சித்தப்பா மகன் ஒரு பட்டா லொறியில் பைக் ஒன்றை ஏற்றிக்கொண்டு தலவாக்கலையிலிருந்து வந்து சேர்ந்தான். பழைய யமஹா வைஇசட் 125, டூ-ஸ்ட்ரோக் வண்டி. பிளாஸ்டிக் பாகங்கள் வெளுத்துப் போயிருந்தாலும் எஞ்சின் சத்தம் நன்றாகவே இருந்தது. வாசலில் இறக்கி வைத்த கையோடு கைப்பேசியை நீட்டினான். அதில் ஹட்டன் கடைகளில் எடுத்த ஐந்து போத்தல்களின் படங்கள். “அண்ணன், கியர் ஒயில் வேண்டும் என்று ஐந்து கடையில் கேட்டேன். ஐந்து பேரும் ஐந்து விதமான போத்தலைக் காட்டுகிறார்கள். எதை வாங்கட்டும்?”

படங்களைத் தள்ளிப் பார்த்தேன். கார் கியர் பொக்ஸுக்கு ஊற்றும் 80டபிள்யூ-90. ஸ்கூட்டருக்கு விற்கும் 120 மில்லிலீற்றர் சின்னப் போத்தல். ஒட்டோமெட்டிக் கார்களின் கியர் பொக்ஸுக்குப் போகும் சிவப்பு நிற ஏடிஎஃப். லொறிக்கும் டிராக்டருக்கும் போகும் 15டபிள்யூ-40. கடைசியாக, சாதாரண மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒயில் 10டபிள்யூ-40. இவை போதாதென்று கண்டியில் இருக்கும் அவனுடைய சிநேகிதன், கொழும்பிலிருந்து டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கென்றே வரும் விசேட கியர் ஒயிலைத் தருவித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறானாம். ஆக மொத்தம் ஆறு.

ஐந்து கடைக்காரர்களும் பொய் சொல்லவில்லை. “கியர் ஒயில்” என்ற சொல்லை ஐந்து பேரும் ஐந்து விதமாகப் புரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். அந்தச் சொல்லே ஒரு பொறி.

கையால் கியர் போடும் காரிலும் லொறியிலும் கியர் பொக்ஸ் தனி. கிளட்ச் அதற்கு வெளியே, ஒயில் படாமல் உலர்ந்து கிடக்கும். அதனால் அங்கே கியர் ஒயில் என்றால் பற்சக்கரங்களுக்கு மட்டுமான ஒயில். டர்ட் பைக்கில் கியர்களும் கிளட்ச் தட்டுகளும் ஒரே அறையில், ஒரே ஒயிலில் ஊறிக் கிடக்கின்றன. பற்சக்கரத்துக்கு வழுக்க வேண்டும். தட்டுக்குப் பிடிக்க வேண்டும். ஒரே ஒயில் இந்த இரண்டு வேலையையும் செய்தாக வேண்டும். மலையில் ஓட்டுகிறவனுக்கு இதில் முதலில் அடி வாங்குவது கிளட்ச்தான். தேயிலைத் தோட்டத்துக் கல் பாதையில், முதல் கியரில், கிளட்சைப் பாதி பிடித்துப் பாதி விட்டு ஊர்ந்து ஏறும் ஏற்றம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். சமவெளியில் ஓட்டுகிறவர் ஒரு மாதத்தில் கிளட்சுக்குத் தரும் வேலையை நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தந்துவிடுகிறோம். ஆகவே என் ஒப்பீட்டில் முதல் கேள்வி எப்போதும் கிளட்சைப் பற்றியது. கியர் பற்களின் கேள்வி இரண்டாவது. விலை மூன்றாவது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அது இரண்டோடு ஒட்டிக்கொண்டே நிற்கிறது.

டூ-ஸ்ட்ரோக் வண்டியைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதன் பிஸ்டனுக்கும் கிரேங்குக்கும் பெற்றோலோடு கலந்து வரும் 2டி ஒயில்தான் வழி. கியர் பொக்ஸ் ஒயில் எரிப்பறைப் பக்கமே போவதில்லை. அதனால் அது கரியால் கறுப்பதில்லை. கிளட்ச் தூளாலும் உலோகத் தூளாலும் தண்ணீராலும்தான் கெடுகிறது. 2டி போத்தலைக் கியர் பொக்ஸுக்குள் ஊற்றிய ஒரு பையனை எனக்குத் தெரியும். “இரண்டும் டூ-ஸ்ட்ரோக் ஒயில்தானே” என்பது அவனுடைய நியாயம். பெற்றோலோடு சேர்ந்து எரிவதற்காகச் செய்த ஒயில், பற்சக்கரங்களுக்கு நடுவே நசுங்கி நிற்பதற்காகச் செய்ததல்ல.

கார் கியர் ஒயில்: நான் பட்ட பாடு

பல வருடங்களுக்கு முன்னால் என்னிடம் ஒரு யமஹா டிடி 125 இருந்தது. கியர் பொக்ஸ் ஒயில் மாற்ற வேண்டும் என்று டவுனுக்குப் போனேன். கடையில் கியர் ஒயில் கேட்டேன்; கியர் ஒயில் தந்தார்கள். 80டபிள்யூ-90, ஜிஎல்-5. தேன் போல் தடித்து, மூக்கைத் துளைக்கும் கந்தக வாடையோடு இருந்தது. “நல்ல கனமான ஒயில், இனிக் கியர் தேயாது” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஊற்றினேன்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. கியர் விழுவது முன்னைவிட மென்மையாகக்கூட இருந்தது. மூன்றாம் நாள், பின்னால் ஒரு மூட்டை மாவோடு தோட்டத்துக்கு ஏறும்போது, தொழிற்சாலைக்குக் கீழே உள்ள வளைவில் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. திரொட்டிலைத் திருகத் திருகச் சத்தம் ஏறுகிறதே தவிர வேகம் ஏறவில்லை. பிறகு எரிந்த தக்கை போல ஒரு நாற்றம். இறங்கி, மூட்டையை இறக்கி வைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே லயத்துக்கு வந்து சேர்ந்தேன். பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் விசாரித்தார்கள்.

ஒயிலை வடித்துவிட்டுச் சரியானதை ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அரைவாசிதான் சரியானது. கிளட்ச் மூடியைத் திறந்தபோது தட்டுகள் கண்ணாடி போல் மினுங்கின. ஏற்கனவே பாதி தேய்ந்திருந்த தட்டுகளுக்கு அந்த ஒயில் ஒரு சாக்காக அமைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எப்படியிருந்தாலும் புதிய தட்டுகள் வாங்கியபோது போன பணத்தில் பத்துத் தடவை ஒயில் மாற்றியிருக்கலாம்.

ஜிஎல்-5 என்பது லொறி, வேன்களின் பின் அச்சில் சறுக்கிக்கொண்டே சுற்றும் ஹைபொயிட் பற்சக்கரங்களுக்காக உருவான தரம். கடும் அழுத்தத்தைத் தாங்க அதில் கந்தகமும் பொஸ்பரசும் சேர்ந்த இரசாயனங்களை நிறையக் கலக்கிறார்கள். அவை உலோகத்தின் மேல் ஒரு படலமாக ஒட்டிக்கொள்கின்றன. கிளட்ச் தட்டுக்கு அந்தப் படலம் வேண்டாத விருந்தாளி. அதோடு, சூடு ஏறும்போது அந்தக் கந்தகம் பித்தளை, வெண்கலப் பாகங்களையும் தாக்கக்கூடும். ஜிஎல்-4 அவ்வளவு முரட்டுத்தனமானதல்ல. அதை ஊற்றி ஆண்டுக்கணக்கில் பிரச்சினையில்லாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் கார் கியர் ஒயில் எதையும் ஒயிலில் ஊறும் கிளட்சோடு சேர்த்துச் சோதித்துப் போத்தலில் அடைப்பதில்லை. சரியாக அமைந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லும் ஒயிலை ஏன் வாங்க வேண்டும்?

இந்த இடத்தில் எண்களைப் பற்றிய ஒரு குழப்பத்தையும் தீர்க்கலாம். 90 என்பது 40ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல் தடிப்பு என்று பலர் நம்புகிறார்கள். கியர் ஒயிலின் எண்ணும் எஞ்சின் ஒயிலின் எண்ணும் வேறு வேறு அளவுகோல்கள். ஒன்று முழம் என்றால் மற்றது அடி. 100 பாகை செல்சியஸில் அளந்தால், எஞ்சின் ஒயிலில் 40 என்பது 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் (தடிப்பை அளக்கும் அலகு) வரை. கியர் ஒயிலில் 85 என்பது 11 முதல் 13.5 வரை, 90 என்பது 13.5இலிருந்து 18.5 வரை. அதாவது 80டபிள்யூ-85 என்று எழுதிய கியர் ஒயிலும் 10டபிள்யூ-40 என்று எழுதிய எஞ்சின் ஒயிலும் சூட்டில் ஏறத்தாழ அண்ணன் தம்பிகள். எண்ணைப் பார்த்து “இது கனம், அது தண்ணீர்” என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம்.

ஸ்கூட்டருக்கான 120 மில்லிலீற்றர் போத்தலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது ஸ்கூட்டரின் பின் சக்கரத்தோடு ஒட்டிய சின்னக் கியர் பெட்டிக்கு. அந்தப் பெட்டிக்குள் கிளட்ச் இல்லை. நம் வண்டிக்கு ஆறு போத்தல் வாங்கி ஊற்றினாலும் அது நம் ஒயில் ஆகாது.

சிவப்பு ஒயிலும் லொறி ஒயிலும்

ஏடிஎஃப் விஷயம் சுவாரசியமானது. ஒட்டோமெட்டிக் கார்களின் கியர் பொக்ஸுக்குள்ளும் கிளட்ச் தட்டுகள் ஒயிலில் ஊறித்தான் கிடக்கின்றன. அதனால் மோட்டோகுரொஸ் என்ற மண் தடப் பந்தயம் ஓட்டுகிறவர்களில் ஒரு பகுதியினர் டூ-ஸ்ட்ரோக் கியர் பொக்ஸுக்கு ஏடிஎஃப் ஊற்றுவது வெளிநாடுகளில் பழைய வழக்கம். அதிலும் ஃபோர்ட் வண்டிகளுக்கென்று வந்த எஃப் வகையைத் தேடி வாங்குவார்கள். அது வழுக்கலைக் குறைத்துப் பிடிப்பைக் கூட்டும் வகை. கிளட்ச் சட்டென்று பிடிக்கும், சட்டென்று விடும். ஒயில் மெல்லியது என்பதால் எஞ்சினின் பலம் ஒயிலைக் கடைவதில் வீணாவதும் குறைவு.

ஆனால் 100 பாகையில் அது ஏறத்தாழ 7 சென்டிஸ்டோக்ஸ்தான். ஐந்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை ஒயில் மாற்றும் பந்தயக்காரருக்கு அது சரிவரலாம். நானுஓயாவிலிருந்து ரதல்ல குறுக்கு வீதி வழியாக முழு இறக்கத்தையும் இரண்டாம் கியரில் எஞ்சினால் பிடித்துக்கொண்டு இறங்குகிறவருக்கு, அந்தப் பாரத்தை எல்லாம் தாங்குவது கியர் பற்களுக்கு நடுவே இருக்கும் ஒயில் படலம். அங்கே எனக்கு மெல்லிய ஒயிலில் நம்பிக்கையில்லை. இன்னொரு சிக்கல்: நம் கடைகளில் இன்று கிடைக்கும் ஏடிஎஃப் பெரும்பாலும் புதிய வகை; மென்மையாகக் கியர் விழுவதற்காக வழுக்கலைக் கூட்டிய வகை. பழைய கதையில் வரும் சிவப்பு ஒயிலும் கடைத் தட்டில் நிற்கும் சிவப்பு ஒயிலும் நிறத்தால் மட்டும் ஒன்று.

லொறி ஒயிலைத் தோட்டத்துப் பக்கம் யாரும் குறைவாகப் பேச மாட்டார்கள். டெலோ போன்ற 15டபிள்யூ-40 ஒயில் பெரிய கேனில் வாங்கினால் லீற்றர் மலிவாக விழும். கொழுந்து லொறிக்கு ஊற்றியதில் மிச்சம் எப்போதும் எங்காவது இருக்கும். இது முட்டாள்தனமான தெரிவல்ல. டீசல் எஞ்சின் ஒயில்களில் தேய்மானத்தைத் தடுக்கும் சேர்க்கை நன்றாகவே இருக்கும். கிளட்சை வழுக்க வைக்கும் சேர்க்கைகள் இந்தத் தடிப்பில் பொதுவாக இருக்காது. சில போத்தல்களின் பின்புறத்தில் மோட்டார் சைக்கிள் கிளட்சுக்கான ஜாசோ எம்ஏ குறிப்பும் இருக்கும். அந்தக் குறிப்பு இருந்தால் ஊற்றலாம். இல்லாவிட்டால், வேறு வழியில்லாத நாளில் மட்டும் ஊற்றலாம். கார்களுக்கு வரும் 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய பெற்றோல் எஞ்சின் ஒயில்களை மட்டும் தொடாதீர்கள். எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக அவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்க்கை இருக்கும். போத்தலின் பின்னால் இருக்கும் வட்டமான ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) முத்திரையின் கீழ்ப்பாதியில் ‘வளச் சேமிப்பு’ என்ற பொருள்படும் ஆங்கில வரி இருந்தால் அதுதான் அடையாளம்.

பத்துக்கு எட்டுப் பேருக்கு

இனி என் கட்சி. மோட்டார் சைக்கிளுக்கென்று விற்கும் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் ஒயில், ஜாசோ எம்ஏ2 முத்திரையோடு, 10டபிள்யூ-40. டூ-ஸ்ட்ரோக் கியர் பொக்ஸுக்கு ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் ஒயிலா என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: யமஹா தன் வைஇசட் வண்டிகளின் கையேட்டில் கியர் பொக்ஸுக்குச் சொல்வது 10டபிள்யூ-40 மோட்டார் சைக்கிள் ஒயிலைத்தான். கேடிஎம் தன் டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு 15டபிள்யூ-50 மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒயிலைச் சொல்கிறது. வண்டியைச் செய்தவர்களே “கியர் ஒயில்” என்று எழுதாத போத்தலைத்தான் காட்டுகிறார்கள்.

ஜாசோ என்பது ஜப்பானிய வாகனத் தரக் குறியீடு. கார் ஒயில்கள் எரிபொருள் சிக்கனத்துக்காக வழுக்க வழுக்க மாறிக்கொண்டிருந்த 1990களின் இறுதியில், மோட்டார் சைக்கிள் கிளட்சைக் காப்பாற்ற ஜப்பான்காரர்கள் வகுத்தது இது. எம்ஏ என்றால் ஒயிலில் ஊறும் கிளட்சுக்குப் பொருந்தும். எம்பி என்றால் உராய்வு குறைவு, ஸ்கூட்டர்களுக்கு. 2006இல் எம்ஏ வகையை எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள். இரண்டில் எம்ஏ2தான் கூடுதல் பிடிப்பு. நம் கடைகளில் ஸ்கூட்டர் ஒயிலும் பைக் ஒயிலும் ஒரே தட்டில், ஒரே கொம்பனியின் ஒரே மாதிரிப் போத்தலில், தோளோடு தோள் நிற்கும். இரண்டிலும் 10டபிள்யூ-30 என்றுகூட இருக்கும். போத்தலைத் திருப்பி, கட்டத்துக்குள் இருக்கும் அந்த இரண்டு எழுத்தைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். ஹவோலின், சேர்வோ, காஸ்ட்ரோல், லாஃப்ஸ் என்று எந்தப் பெயராக இருந்தாலும் எனக்குச் சரி. மூடியின் முத்திரை உடையாமல் இருக்க வேண்டும். அந்த எழுத்து இருக்க வேண்டும்.

மினரலா, சிந்தெட்டிக்கா? சிந்தெட்டிக் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் என்பது கராஜ்களில் உலவும் கதை. கிளட்சை வழுக்க வைப்பது உராய்வைக் குறைக்கும் சேர்க்கை. அடிப்படை எண்ணெய் எதுவென்பதல்ல. எம்ஏ2 முத்திரை உள்ள சிந்தெட்டிக்கில் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் டூ-ஸ்ட்ரோக் கியர் பொக்ஸுக்கு அந்த விலை கொடுக்க வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை. சிந்தெட்டிக்கின் பெரிய பலம் நீண்ட காலம் சூட்டில் நிலைத்து நிற்பது. இங்கே ஒயில் சூட்டால் கெடுவதற்கு முன்பே கிளட்ச் தூளால் அழுக்காகிவிடுகிறது. அழுக்கான விலை உயர்ந்த ஒயிலைவிடச் சுத்தமான மலிவு ஒயில் மேல். அதோடு, தடிப்பை நிலைநிறுத்த ஒயிலில் கலக்கும் நீண்ட பொலிமர் இழைகளைக் கியர் பற்கள் கத்தரிக்கோல் போல் நறுக்கிக்கொண்டே இருக்கின்றன. புதிதாக ஊற்றும்போது 40ஆக இருப்பது ஓட ஓட 30ஐ நோக்கி இறங்கும். அடிக்கடி மாற்றுவதுதான் இதற்கும் மருந்து.

10டபிள்யூ-40ஆ, 20டபிள்யூ-50ஆ என்ற கேள்வியில்தான் நம் மலை குறுக்கே வருகிறது. ‘டபிள்யூ’வுக்கு முன்னால் இருப்பது குளிருக்கான எண். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி படியும் இடம். அந்தக் குளிரில் 20டபிள்யூ-50 பாகு போல் நிற்கும். கிளட்சைப் பிடித்து முதல் கியரைப் போட்டதும் வண்டி முன்னால் துள்ளும். தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும். நியூட்ரல் தேடினால் கிடைக்காது. கம்பளைப் பக்கமோ கண்டிப் பக்கமோ ஓட்டுகிறவருக்கு இந்தத் தொல்லை தெரியவே தெரியாது. அக்கரப்பத்தனையில் காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்கிறவருக்கு 10டபிள்யூ-40தான். கேடிஎம் வைத்திருப்பவர்கள் கையேட்டில் உள்ளபடி 15டபிள்யூ-50 ஊற்றி, இரண்டு நிமிடம் சூடாக விட்டு எடுங்கள்.

கண்டிச் சிநேகிதன் சொன்ன விசேட ஒயிலை நான் குறை சொல்லவில்லை. மோட்டுல் டிரான்ஸொயில் எக்ஸ்பேர்ட் போன்றவை இந்த ஒரு வேலைக்காகவே செய்தவை. கியர் பொக்ஸுக்குத் தேவையில்லாத கரி கழுவும் சேர்க்கைகளுக்கு அங்கே வேலை இல்லை. பற்களுக்கும் தட்டுகளுக்கும் வேண்டியதில்தான் கவனம். ஹொண்டாவும் 80டபிள்யூ-85 என்ற தன் சொந்தக் கியர் பொக்ஸ் ஒயிலை விற்கிறது. ஓட்டினால் வித்தியாசம் தெரியுமா? தெரியும். கியர் விழுவது வெண்ணெயில் கத்தி போல இருக்கும். தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத் தடத்தில் வேறு ஒருவருடைய கைப்பிடிக்கு அங்குலத்தில் நின்று வளைவில் திரும்புகிறவருக்கு அந்த வித்தியாசம் பணம் பெறும். தோட்டத்துப் பாதையில் ஞாயிறு ஓட்டம் போகிறவருக்கு? அதை வாங்கியவர்கள் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. விலை அதிகம் என்பதால் மாற்ற மனம் வராது. “நல்ல ஒயில்தானே” என்று மூன்று மடங்கு காலம் ஓட்டுவார்கள். அதோடு அது கொழும்பிலிருந்து வர வேண்டும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்று பைக்குக்கு வாரம் நான்கு லீற்றர் பெற்றோல் வாங்கிய நாட்களை மறக்காதவர்கள், பக்கத்து டவுனில் கிடைக்காத எதையும் வண்டிக்குப் பழக்கப்படுத்த யோசிப்பார்கள். நான் அந்த ரகம்.

கணக்கும் என் பக்கம்தான். பெரும்பாலான டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்குகளின் கியர் பொக்ஸ் 600 முதல் 850 மில்லிலீற்றர் வரை பிடிக்கும். 125 சிசி வண்டிக்கு 700 என்று வைத்துக்கொண்டால், மூன்று லீற்றரில் நான்கு தடவை மாற்றலாம். மிச்சத்தை அந்தப் போத்தலிலேயே மூடி வைத்தால் போதும். மூடியைத் திறந்து போட்டால் நம் ஊர் ஈரக் காற்று சும்மா விடாது. பந்தயம் ஓட்டுகிறவர் ஐந்து முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. மற்றவர்கள் அதை இரட்டிப்பாக்கலாம். ஆற்றைக் கடந்து வந்தால் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்று மாலையே வடித்துப் பார்க்க வேண்டும்.

ஃபோர்-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: எக்ஸ்ஆர் 250 போன்ற ட்ரெயில் பைக்குகளில் எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் கிளட்சுக்கும் ஒரே ஒயில். தனியாகக் கியர் ஒயில் தேடி அலைய வேண்டியதில்லை. எம்ஏ2 எஞ்சின் ஒயிலே எல்லாம். அங்கே எரிப்பறையின் சூடும் கரியும் சேர்வதால் அரைச் சிந்தெட்டிக்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் உண்டு. ஒரு விதிவிலக்கு ஹொண்டா சிஆர்எஃப் பந்தய வண்டிகள். சிஆர்எஃப் 450ஆர் 2016 வரையும் 250ஆர் 2017 வரையும் எஞ்சினுக்கு ஓர் அறை, கியர் பொக்ஸுக்கு ஓர் அறை என்று இரண்டு ஒயில் அறைகளோடு வந்தன. மூடியும் இரண்டு, வடிக்கும் போல்ட்டும் இரண்டு. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறந்தவர்கள் உண்டு. அதைவிட மோசம், ஒன்றை வடித்துவிட்டு மற்றதில் ஊற்றியவர்கள்.

தம்பியிடம் இவ்வளவையும் சொல்லி முடிக்கும்போது தேத்தண்ணீர் இரண்டு முறை வந்து போயிருந்தது. “அப்படியானால் ஐந்தாவது போத்தல்” என்றான். “வாங்கு. ஆனால் முதலில் உள்ளே இருப்பதைப் பார்ப்போம்” என்றேன்.

எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கினோம். சூட்டில்தான் ஒயில் அழுக்கையும் தூக்கிக்கொண்டு வடியும். வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வடிக்கும் போல்ட்டைக் கழற்றினேன். போல்ட்டின் நுனியில் ஒட்டியிருந்ததை விரலில் எடுத்துத் தேய்த்தேன். மை போன்ற சாம்பல் நிறக் களி, விரலில் உறுத்தவில்லை. அது தேய்மானத் தூள், கவலையில்லை. பல்லின் சில்லோ, நகம் போன்ற தகடோ வந்திருந்தால் கதை வேறு.

ஆனால் பாத்திரத்தில் விழுந்தது ஒயில் போலவே இல்லை. பால் தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. தம்பி வாயைத் திறந்தபடி பார்த்தான். தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, அது நிச்சயம். எங்கிருந்து என்பதுதான் கேள்வி. ஆற்றைக் கடக்கும்போது கியர் பொக்ஸின் மூச்சுக் குழாய் வழியாகப் போயிருக்கலாம். சூடான பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும். குழாயின் வாய் நீருக்குள் இருந்தால் நீரை இழுக்கும். அப்படியானால் குழாயை டேங்க் வரை உயர்த்திக் கட்டிவிட்டால் போதும். இல்லாவிட்டால் வோட்டர் பம்ப் சீல் போயிருக்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீருக்கும் கியர் பொக்ஸ் ஒயிலுக்கும் நடுவே இருக்கும் தடுப்பு அந்தச் சின்ன ரப்பர் வளையம்தான்.

வடித்ததில் கொஞ்சத்தை ஒரு பழைய ஜாம் போத்தலில் ஊற்றி, ஜன்னல் ஓரத்தில் வைத்தோம். மறுநாள் மாலை வரை மேலே இருந்தது அதே பால் நிறத்தில்தான் நின்றது. அடியில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் பிரிந்திருந்தது. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். இளம்பச்சை. ஆற்றுத் தண்ணீருக்கு அந்த நிறம் கிடையாது.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். தண்ணீர் மட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது. எதை ஊற்றினாலும் இரண்டு ஓட்டத்தில் இதே தேத்தண்ணீர்தான் வடியும். விசேட ஒயிலை ஊற்றியிருந்தால் விலை உயர்ந்த தேத்தண்ணீர். சீல் கொழும்பிலிருந்து வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள். அது வந்து பூட்டியதும், கடையில் இருப்பதிலேயே மலிவான எம்ஏ ஒயில் ஒரு போத்தலை ஊற்றி, இருபது நிமிடம் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு, பிறகு 10டபிள்யூ-40 எம்ஏ2 ஊற்றுவது என்று முடிவாயிற்று. மூன்று லீற்றர், நான்கு தடவைக் கணக்கு இந்த முறை பலிக்கவில்லை.

பழைய ஒயிலை எங்கே ஊற்றுவது என்று தம்பி கேட்டான். கண் கீழே ஓடைப் பக்கம் போனது. அந்த ஓடை இரண்டு லயத்துக்குப் பீலித் தண்ணீர் தருகிறது. காலி கேன் ஒன்றைக் கழுவிக் கொடுத்தேன். அடுத்த முறை டவுனுக்குப் போகும்போது பழைய ஒயில் சேர்க்கும் கராஜில் கொடுத்துவிடுவதாகச் சொல்லி, பட்டா லொறியின் மூலையில் கயிற்றால் கட்டிக்கொண்டான். பைக் என் வாசலிலேயே நிற்கிறது, சீல் வரும் வரை.